உத்திரமேரூர் ஏரி நடுவே நின்ற படகு

காலை ஏழரை மணிக்குக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் உத்திரமேரூர் போகும் தனியார் பேருந்தில் ஏறினேன். இருபத்தெட்டு கிலோமீட்டர் தூரம், சீட்டு முப்பது ரூபாய். மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. மாகறல் தாண்டிச் செய்யாற்றுப் பாலத்தில் ஓட்டுநர் யாரும் கேட்காமலே வேகத்தைக் குறைத்தார். உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து சன்னல் பக்கம் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தார்கள். "போன வருசம் இந்நேரம் இங்க மாடு மேஞ்சிகினு இருந்துது" என்று நடத்துநர் பொதுவாகச் சொன்னார்.

நானும் தண்ணீரைப் பார்க்கத்தான் கிளம்பினேன். என் கணவர் வளைகுடாவில் ஃபுஜைரா துறைமுகத்தில் ஓர் இழுவைப் படகின் என்ஜின் அறையில் வேலை செய்கிறார். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை வருவார். அவர் அனுப்பும் கடல் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, பல்லாவரம் வீட்டில் சும்மா இருக்க முடியாத நாட்களில் நானும் எங்காவது நீர் தேடிப் போய்விடுவேன். உத்திரமேரூர் ஏரி நிரம்பிவிட்டது, அக்கரைக்குப் படகு ஓடுகிறது என்று கேள்விப்பட்டது போதுமானதாக இருந்தது.

பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் நாஷ்டா முடித்து, ஷேர் ஆட்டோவில் ஏரிக்கரை போய்ச் சேர்ந்தேன். கரைமேல் ஏறியதும் கடலோ என்று ஒரு நொடி ஏமாந்துபோனேன். எதிர்க்கரை தெரியவில்லை. வேலிகாத்தான் மரங்கள் கழுத்தளவு நீரில் நின்றன. அதற்கு அப்பால் சாம்பல் நிறத்தில் தண்ணீர், அதற்கும் அப்பால் அதே நிறத்தில் வானம். அக்கரையில் ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அதன் சாலையை வரத்துக்கால்வாய் அறுத்துக்கொண்டு போய்விட்டதால் பத்து நாளாகப் படகுதான் வழி. ஆளுக்கு இருபது ரூபாய்.

படகு பஷீர் பாயுடையது. ஐம்பது வயதிருக்கும். பஜார் தெருவில் வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஏரி மீன் குத்தகையிலும் அவருக்குப் பங்குண்டு. கோவளத்தில் யாரோ கழித்துவிட்ட ஃபைபர் படகை, என்ஜினோடு சேர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின். கைப்பிடியைச் சொருகிச் சுற்றினால்தான் கிளம்பும். அதன் மேலே, இரும்புச் சட்டத்தில் ஒரு தகர டேங்க்.

"நீச்சல் தெரியுமா மேடம்?" என்றார்.

"தெரியாது பாய்."

"பரவால்ல. அரை மணி நேரத்துல அக்கர போயிடலாம். இவரு மட்டும் மனசு வெச்சா." என்ஜினைத் தட்டிக் காட்டினார்.

அவர் மனசு வைத்தது முக்கால் தூரத்துக்குத்தான். அக்கரை மரங்கள் தெரிய ஆரம்பித்தபோது சத்தம் மெலிந்து, இரண்டு முறை விக்கி, நின்றுபோனது. பாய் பதறவில்லை. டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் டீசல் இருந்தது. மூடினார். குழாயில் ஒரு திருகைத் தளர்த்தி, நுரையோடு வந்த டீசலை வெளியே விட்டு, திரும்ப முறுக்கிக் கைப்பிடியைச் சுற்றினார். என்ஜின் கிளம்பிவிட்டது.

"எங்கியோ ஏர் எடுக்குது மேடம். ஃபில்டரு மாத்திட்டேன், ஓசு மாத்திட்டேன், செங்கல்பட்டு எடுத்துகினு போயி நாசிலு சர்வீஸ் பண்ணேன். ரெண்டு மாசமா பேஜார்."

அக்கரையில் இறங்கி நாலைந்து மணி நேரம் சுற்றினேன். மூழ்கிய வயல்களுக்கு மேலே நாரைகள் நடந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், காசு வாங்க மறுத்தார்கள். மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது பாய் கேனிலிருந்து டேங்கில் விளிம்பு வரை டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வரப்பின்மேல் ஒரு பெண் ஓடி வந்தாள். முழங்கால் வரை சேறு. நடவிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள்.

"பாய், படக எடு பாய்! ரோஜா கௌம்பறாளாம்!"

அவள் பெயர் எல்லம்மா. மகள் ரோஜா மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். இரண்டு வருட ஒப்பந்தம். மெடிக்கல் பரிசோதனைக்குச் சென்னை போனவள், இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. விமானம் இன்றைக்கே என்று ஏஜென்ட் காலையில் சொல்லியிருக்கிறான்; நடவில் நின்றிருந்த எல்லம்மாவுக்கு இப்போதுதான் தகவல் எட்டியிருக்கிறது. சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பவளை உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் நாலு மணிக்கு அவனுடைய வேன் ஏற்றிக்கொள்ளும். அக்கரைக்கு வந்து திரும்ப ரோஜாவுக்கு நேரமில்லை.

"ஒண்ணும் குட்த்து அனுப்பல. மூஞ்ச பாத்தா போதும்" என்று எல்லம்மா என்னிடம் சொன்னாள். நான் யார் என்று அவள் கேட்கவில்லை.

படகு கிளம்பியது. ஏழெட்டு நிமிடம் ஓடியிருக்கும். ஏரியின் நடுவுக்குக்கூட வரவில்லை. விக்கியது, நின்றது.

பாய் மூடியைத் திறந்தார், மூடினார், திருகைத் தளர்த்தினார், காற்றை எடுத்தார், சுற்றினார். கிளம்பியது. இன்னும் ஓர் ஏழெட்டு நிமிடம். சரியாக நடு ஏரியில் மறுபடி நின்றது. எதிர்க்காற்று படகை மெதுவாக வந்த வழியே தள்ளத் தொடங்கியது. பாய் மூங்கில் கழியை இறக்கிப் பார்த்தார். முழுக் கழியும் போயும் தரை தட்டவில்லை.

என் செல்பேசியில் சிக்னல் இருந்தது. முதலில் கணவரை அழைத்தேன். எடுக்கவில்லை. ஷிப்டில் இருப்பார். பிறகு எல்லம்மா சொன்ன ரோஜாவின் எண்ணைப் போட்டு அவளிடம் கொடுத்தேன்.

"எம்மா, வேன் வந்துட்ச்சி" என்ற குரல் எனக்கும் கேட்டது. "நிக்க மாட்டாங்களாம். நீ அழுவாத. அங்க போயி டெய்லி வீடியோ காலு பண்றேன்."

"போன்ல மூஞ்சி வேணாம்டி எனக்கு!" என்று கத்திவிட்டு, எல்லம்மா செல்பேசியை என் மடியில் போட்டாள். அந்தக் கோபம் அப்படியே பாய் பக்கம் திரும்பியது. "நேத்து நான் வந்தப்ப அடி டேங்குலதான் டீசலு இருந்துது. நிக்காம கரைக்கு வந்துட்ட. இன்னிக்கி ரொப்பிகினு வந்து நட்டாத்துல நிக்கிறியே பாய்!"

திருகின்மேல் இருந்த பாயின் கை நின்றது.

"இன்னா சொன்ன?"

"இன்னா சொன்னேன்? ரொப்பிகினு வந்தா நிக்கிதுன்னேன்."

"ஆமா இல்ல?" பாய் என்னைப் பார்த்தார். "காலைல கம்மியா இருந்துது, முக்கா தூரம் வந்துது. இப்ப ஃபுல்லா கீது, பத்து நிமிசங்கூட ஓடல. டீசலு அடைப்புன்னா எப்பவும்தான அடைக்கணும்?"

விடுமுறையில் வந்தால் கணவருக்கு என்ஜின் பேச்சுதான். டீசல் குறைந்தால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், வராவிட்டால் டேங்க் டீசலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று எப்போதோ சொன்னது பாதி ஞாபகம் வந்தது. டேங்க் நிறைந்திருக்கும்போது உள்ளே காற்று கொஞ்சம்தான். அப்போது அந்த இழுப்பு சீக்கிரமே வந்துவிடும்.

"பாய், மூடியில காத்து போற ஓட்டை இருக்கா?"

"கீது." அவர் இந்த முறை மூடியை அவசரமாகத் திறக்கவில்லை. காதை அருகே வைத்து, மெதுவாகத் திருகினார். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்த சத்தம் தெளிவாகக் கேட்டது.

மூடியைத் திருப்பினார். குண்டூசித் தலையளவு துளை. அதற்குள் காய்ந்த செம்மண். மழைக்கு முன்பு படகு கரையில் கிடந்தபோது குளவி கூடு கட்டியிருக்கிறது. பாய் நகத்தால் சுரண்டினார், வரவில்லை. எல்லம்மா ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். இரண்டு குத்தில் மண் பொடியாக உதிர்ந்தது. பாய் துளையில் வாய் வைத்து ஊதினார்.

"மூடிய தொறந்து பாத்ததுதான் வைத்தியமா இருந்துகீது" என்றார். "நான் ஸ்க்ரூவ கழட்டுனதாலதான் ஓடுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

என்ஜின் ஒரே சுற்றில் பிடித்தது. அதன் பிறகு ஒரு விக்கல்கூட இல்லை. எல்லம்மா படகின் முனைக்குப் போய் நின்றுகொண்டாள். உட்காரச் சொல்லி பாய் கத்தியது அவள் காதில் விழவில்லை.

கரையை அடைந்தபோது நாலே கால் தாண்டியிருந்தது. மறுபடி ரோஜாவை அழைத்தோம். வேன் உத்திரமேரூரைத் தாண்டிவிட்டது. சாலவாக்கத்தில் இன்னொரு பெண்ணை ஏற்றிக்கொள்ள நிற்குமாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பாய் தன் மொபெட்டை உதைத்தார்.

"படகப் பாத்துக்கோங்க மேடம். எல்லம்மா, கெட்டியா புட்ச்சிக்கோ."

அவர்கள் போன பிறகு கரையில் நானும் அணைந்த என்ஜினும் மட்டும். வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பு நிறமானது. கொக்குகள் வரிசை வரிசையாக வேடந்தாங்கல் பக்கம் போயின. இதைப் பார்க்கத்தான் வந்தேன். ஆனால் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் சாலையைத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய மகளோ.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து மொபெட் திரும்பியது. எல்லம்மாவின் முகத்தைப் பார்த்து எனக்கு எதுவும் புரியவில்லை.

"புட்ச்சிட்டோம்" என்றார் பாய். "வேன் கௌம்பிட்ச்சி. குறுக்கால வண்டிய உட்டேன். டிரைவர் கெட்ட வார்த்தைல திட்டினான். ரெண்டு நிமிசம் நிறுத்தினான்."

"பேசினீங்களாம்மா?" என்று எல்லம்மாவைக் கேட்டேன்.

"எங்க பேசறது? சன்னல்ல கைய நீட்டினா. புட்ச்சிகினேன்." தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "சில்லுனு கீதும்மா அவ கை. போன்ல ஜாலியா போறேன் ஜாலியா போறேன்னா. பயந்துகினு கீறா. எங்கிட்ட சொல்லல."

படகில் ஏறி உட்கார்ந்தாள். இருட்டுவதற்குள் அவளை அக்கரை சேர்க்க வேண்டும். பாய் கைப்பிடியைச் சுற்றினார். காலையில் என்னிடம் வாங்கிய இருபது ரூபாயைத் திருப்பித் தர வந்தார். நான் வாங்கவில்லை. படகு நிழலாகி, பிறகு வெறும் சத்தமாகி, அந்தச் சத்தமும் தேய்ந்து போகும்வரை நின்றேன். அது நிற்கவே இல்லை.

செங்கல்பட்டு வழியாக வீடு திரும்பும் பேருந்து சாலவாக்கத்தில் நின்றபோது டீக்கடை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேனை மறித்தது இந்த இடத்தில்தான் இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். அப்போது கணவரின் அழைப்பு வந்தது.

"மிஸ்டு கால் பார்த்தேன். என்ன ஆச்சு?"

படகையும் குளவியையும் சொன்னேன். மனம்விட்டுச் சிரித்தார். தான் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்ததில் அவருக்குச் சந்தோஷம். சாப்பிட்டாயிற்று, வேலை பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கிறேன் என்றார். தினமும் சொல்வதுதான்.

"உங்க கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"கையா? கிரீஸ்தான். ஏன்?"

"சூடா இருக்கா, சில்லுனு இருக்கா?"

அவருக்குப் பின்னால் ஏதோ ஒரு பெரிய என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியலையே" என்றார். "அத நீதான் தொட்டுப் பாத்துச் சொல்லணும்."