இரும்புக் கட்டில்ல ரெண்டு தட்டு

உனக்கு எதுக்குடி அது? மாடிக்கு வாடகைக்கு வந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள எங்க வூட்டு சமாச்சாரம் எல்லாம் தெரியணுமா? கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிக்கிட்டு நாள் முழுக்க எங்க ஜன்னலத்தானே பாக்கற. "பேத்தி பேத்தின்னு சொல்றீங்க பாட்டி, ஒரு நாளும் அவ போன் வந்து பாக்கலையே"ன்னு கேக்கறா பாரு, வெக்கமில்லாம. சரி, உக்காரு. காப்பி கேக்காத, பால் இல்ல. இருந்தாலும் குடுக்க மாட்டேன்.

எம் பேத்தி ஜெர்மனியில ஆராய்ச்சி படிச்சா. சாக்கடைத் தண்ணிய எப்படி சுத்தம் பண்றதுன்னு. "அதுக்கு ஏன்டி ஏரோப்ளேன் ஏறணும், நம்ம தெருமுனையில எட்டிப் பாரு, வேணுங்கற அளவுக்கு ஓடுது"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, தாத்தா மட்டும் சிரிக்கல. அவ கிளம்பற அன்னைக்கு அவ பொட்டி மேல கைய வெச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கறான், இவரு எடுக்கவே வுடல.

தாத்தான்னா எம் புருஷன். பீன்யா தொழிற்பேட்டையில முப்பது வருஷம் லேத் ஓட்டினவரு. அந்த இரைச்சல்ல வாயால பேசினா யாருக்குக் கேக்கும்? ஸ்பேனரால மெஷின்ல தட்டுவாங்களாம். ஒரு தட்டுன்னா சரி, ரெண்டு தட்டுன்னா வேணாம். பேத்தி போன மறுவருஷம் இவருக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணிக்கிச்சு, பேச்சு போச்சு. அப்போ அந்தத் தட்டு எங்க வூட்டுக்கு வந்துச்சு. இரும்புக் கட்டில்ல எவர்சில்வர் டம்ளரால தட்டுவாரு. "கஞ்சி வேணுமா?" டங். "உப்பு போதுமா?" டங் டங். அம்பது வருஷத்துக்கு மேல பேசி என்னைய ஜெயிக்க முடியாத மனுஷன், டம்ளர் கைக்கு வந்ததும் ஜெயிச்சுட்டாரு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் பேத்தி வீடியோவுல வருவா. அவளுக்கு அப்போதான் காலை. கோண வாயோட அவ முன்னாடி வர இவருக்கு இஷ்டமில்ல. நான் கட்டில் ஓரத்துல உக்காந்து போன என் பக்கம் திருப்பி வெச்சுக்குவேன், இவரு எனக்குப் பின்னாடி படுத்துக்கிட்டுத் தட்டுவாரு. அவ கேள்வி கேப்பா, இவரு டங்குன்னுவாரு. நடுவுல நான் எதுக்குன்னு எனக்கே தெரியாது.

ஒரு செவ்வாக்கெழம காலைல கஞ்சிய ஆத்தறதுக்குத் திரும்பினேன். ஆத்திட்டுப் பாத்தா, போயிட்டாரு.

பேத்திக்கு அப்போ படிப்பு முடியற நேரம். இத்தனை வருஷம் எழுதினதுக்கு நாலு பெரியவங்க முன்னாடி நின்னு பதில் சொல்லணுமாம், வைவான்னு பேரு. அதுக்கு ரெண்டு மாசம்கூட இல்ல. விசாவ வேற புதுசு பண்ணக் குடுத்திருந்தா. நடுவுல இங்க வந்துட்டா திரும்பப் போக வுடுவாங்களோ மாட்டாங்களோ. எம் பையன், அதான் அவ அப்பன், சுடுகாட்டுலருந்து வந்து தலைக்கு ஊத்திக்கிட்டு மொதல்ல சொன்னது அதான். "அவளுக்கு இப்ப சொல்ல வேணாம்மா. வைவா முடியட்டும்." வந்திருந்த சொந்தமெல்லாம் தலையாட்டுச்சு. பரிட்சை எழுதப்போற பிள்ளைகிட்ட சாவு சேதி சொல்ற வழக்கம் நம்ம ஜனத்துக்கு ஏது?

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. மாலை போட்ட போட்டோவ பீரோவுல வெச்சுப் பூட்டினேன். ஸ்டிக்கர் பொட்டு ஒண்ண எடுத்து நெத்தியில ஒட்டிக்கிட்டேன். மருமக அதப் பாத்துட்டு சமையக்கட்டுக்குள்ள போயிட்டா.

"பாட்டி, கண்ணு ஏன் வீங்கியிருக்கு?"

"உங்கம்மா சாம்பார் வெக்கறா. வெங்காயம் உரிக்கறது யாரு? நானு."

"தாத்தா, நல்லா இருக்கீங்களா?"

தூங்கறாருன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். டம்ளர் பக்கத்துலயே இருந்துச்சு. கை தானா போச்சு. டங்.

எனக்கு அது வெளையாட்டாதான் இருந்துச்சு, மறைப்பானேன். கார்ப்பரேஷன்காரன் மாதிரி, மருமக மாதிரி, எல்லார் மாதிரியும் பேசிக் காட்டறவ நான். எம் புருஷன் மாதிரி தட்டறதுக்கு இன்னா? நாலு வாரம் தட்டினேன்.

அஞ்சாவது வாரம் தலைகூட வாராம போன்ல வந்து நின்னா. வைவாவுல பேச எழுதி வெச்சதுல பாதியத் திருப்பி எழுதச் சொல்லிட்டாராம் அவளோட கைடு. "பாட்டி, நீ பேசாத. நான் தாத்தாகிட்ட கேக்கணும்"னா.

"தாத்தா, என்னால முடியல. இங்க யாருமே இல்ல. எல்லாத்தையும் விட்டுட்டு உங்ககிட்ட வந்துடறேன். டிக்கெட் பாத்துட்டேன். வரட்டா தாத்தா?"

அவரு இருந்தா எத்தனை தட்டியிருப்பாருன்னு எனக்குத் தெரியாதா? ஒண்ணு. அவ கேட்டு முடிக்கறதுக்குள்ள தட்டியிருப்பாரு.

நான் ரெண்டு தட்டினேன்.

அவ "சரி தாத்தா"ன்னு சொல்லி வெச்சுட்டா.

டம்ளர கழுவி சமையக்கட்டுல கவுத்துட்டு வந்து நாற்காலியில உக்காந்தேன். நல்ல வெயிலு. தெருவுல கீரைக்காரன் கன்னடத்துல "சொப்பு, சொப்பு"ன்னு கத்திக்கிட்டுப் போறான். மருமக மாடியில துணி காயப் போடறா. கட்டில் கிட்ட ஒரு ஈ காக்கா இல்ல. அப்போ கட்டில்லருந்து வந்துச்சு. டங். ஒண்ணு.

இன்னொண்ணு வரும்னு பாத்தேன். வரல. எந்திரிச்சுப் போய் கட்டில் கம்பியத் தொட்டேன். இன்னும் அதிருது. "இன்னா, கோவமா?"ன்னு கேட்டேன். அன்னைலருந்து அந்தக் கட்டிலுக்கு முதுகக் காட்டி உக்கார மாட்டேன். ஏன்னு மருமக கேட்டா முதுகு வலின்னுடுவேன். சிரிக்காதடி.

அப்புறம் ரெண்டு வாரம் அவ தாத்தாவ எதுவும் கேக்கல. வைவா முடிஞ்சுது, பாஸாயிட்டா. அன்னைக்கே எம் பையன் சொல்லிட்டான். மறுநாள் மத்தியானம் பேத்தி எனக்கு வீடியோவுல போன் பண்ணா. அழல. அழுதிருந்தா எனக்கு வசதியா இருந்திருக்கும்.

"எந்தச் செவ்வாக்கெழம பாட்டி?"

சொன்னேன். அதுக்கப்புறம் வந்த ஞாயித்துக்கிழமைய வெரல் வுட்டு எண்ணினா.

"அப்போ, வரட்டான்னு நான் கேட்டது யார?"

"என்னையதான்டி. நான்தான் தட்டினேன்."

"தாத்தா இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு?"

வாய் நெறைய பொய் வெச்சிருக்கறவ நான். அந்த நேரம் பாத்து ஒண்ணுகூட வரல. "வான்னிருப்பாரு"ன்னேன்.

"என்னோட தனிமைய எல்லாம் ஒரு டம்ளர்கிட்ட சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்"னா. அவ்ளோதான். அதுக்கப்புறம் அப்பன்கிட்ட பேசறா, அம்மாகிட்ட பேசறா. என்கிட்ட இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் போன மடியில வெச்சுக்கிட்டு, கட்டில பாத்தபடி உக்காந்திருக்கேன். கட்டிலு ஒவ்வொரு வாரமும் ஒரு தட்டுதான் தட்டுது.

அக்கம்பக்கத்துக்காரிங்க வுடுவாளுங்களா? பட்டம் வாங்கிட்டான்னு கேள்விப்பட்டு நாலு பேரு வந்தாளுங்க. "தாத்தா போன சேதி கேட்டு பொண்ணு இன்னா சொல்லிச்சு?"ன்னு கேட்டாளுங்க. "விக்கி விக்கி அழுதா. 'நீ மறைச்சதாலதான் பாட்டி நான் முடிச்சேன்'னு சொன்னா"ன்னேன். எதிர் வூட்டம்மா முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிச்சு. "இப்பவும் வாராவாரம் பேசுதா?"ன்னு கேட்டுச்சு.

"பேசாமயா? வெச்சுத் தொலைடின்னாலும் வெக்க மாட்டேங்கறா"ன்னேன்.