இலை நிறையப் போட்டவர்

என் கணவர் சங்கரன்கோவிலில் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். "அண்ணாச்சி வீட்டுக்குப் போனா வயிறு நிறையாம வெளிய வர முடியாது" என்று ஊரே சொல்லும். அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவை என்னுடைய இரண்டு கைகள். அதை யாரும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்கறியோடு நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு வருவார். "ஏட்டி, இவங்களுக்கும் சேத்து உலை வையி" என்று வாசலில் நின்றே குரல் கொடுப்பார். பந்தியில் அவரும் உட்காருவார். "இன்னும் ரெண்டு துண்டு போடு" என்று விருந்தாளியின் இலையைக் காட்டிவிட்டு, அதே வேகத்தில் தன் இலையையும் காட்டுவார். எல்லாரும் எழுந்த பிறகு எனக்குச் சட்டியில் குழம்பு இருக்கும், கறி இருக்காது. நான் வாய் திறக்கவில்லை. தாராள மனசுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று நாலு பேர் சொல்லும்போது எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடித்தபசு. நான் ஏழு மாதக் கர்ப்பிணி. அவருடைய ஆபீஸ்காரர்கள் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட வந்தார்கள். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று என் கால் இரண்டும் வீங்கியிருந்தன. திருவேங்கடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் அம்மா, திருவிழாக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தாள். என் காலைப் பார்த்ததும் கரண்டியை வாங்கிக்கொண்டு பரிமாறப் போய்விட்டாள்.

மூன்றாம் பந்திக்கு இலை போடும்போது அவரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். "எங்கம்மா காலையில இருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கல. இந்தப் பந்தியில உக்காரச் சொல்லட்டுமா?"

"ஆபீஸ் ஆளுக நிக்காவ. அத்தை நம்ம ஆளுல்லா, பொறுத்துக்கிடுவாவ."

சொல்லிவிட்டு, போதும் போதும் என்று கையை மறித்த ஒருவர் இலையில் பாயசத்தை ஊற்றச் சொன்னார். அந்த ஆள் அதைத் தொடாமலே இலையை மடித்தார்.

அம்மாவின் முறை வந்தபோது சோற்றுப் பானை காலி. மறுபடி உலை வைக்கப் போனேன். "இந்தக் காலோட நீ நிக்காத மக்கா" என்று தடுத்துவிட்டு, மூலையில் ஒரு சட்டியில் கிடந்த முந்தின நாள் பழையதைப் பிழிந்து உள்ளியைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டாள். பாத்திரங்களையும் தேய்த்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் "சாப்பிட்டுட்டுத்தான் வாரேன்" என்பாள். சாகும்வரை என் வீட்டில் அவள் கை நனைக்கவில்லை.

அந்த ஆடித்தபசு அன்று சாயங்காலமே அம்மாவைப் பட்டினி போட்டதை அவரிடம் கேட்டேன். "ஒரு வேளைச் சோத்துக்கா இவ்வளவு பேச்சு பேசுத? உனக்குக் குடுக்குற மனசே கிடையாது" என்றார்.

எண்பதுகளின் நடுவில், அன்று வயிற்றில் இருந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலத்தில், அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார், இனிப்பு கூடவே கூடாது என்றார். நான் கேப்பைக் களி கிண்டிப் போட்டேன். அவர் வருகிறவர்களிடமெல்லாம், "இவ எனக்கு அரை வயித்துக்குத்தான் போடுதா" என்று சொல்லி வைத்தார். அவருடன் வேலை பார்த்த ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். "என்ன மதினி, ஊருக்கே போட்ட மனுசனுக்கு இப்படிக் களியப் போடுதிய?"

அந்த மனிதர்தான் அடுத்த தடவை அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். நான் வாங்கி உள்ளே வைத்தேன். என் கணவர் எழுந்து போய் எடுத்துத் தின்றார். வெளியில் பரோட்டாவும் தின்றுகொண்டுதான் இருந்தார். கால் விரலில் வந்த புண் ஆறவே இல்லை. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

முதல் மாதம் ஆபீஸ்காரர்களும் ஊர்க்காரர்களும் பார்க்க வந்தார்கள். அப்புறம் ஒருவர் இருவராகக் குறைந்து, கடைசியில் யாருமே வராமல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தட்டை முன்னால் வைத்தபோது வாசலைப் பார்த்தபடி கேட்டார்.

"இன்னைக்கும் ஒருத்தரும் வரலையா?"

"கறி எடுத்தா வருவாவ" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். களியை மெல்லப் பிட்டு விழுங்கினார், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. நான் தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு அடுப்படிக்குள் வந்து, என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டேன். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.