வெல்வெட் நாற்காலியும் தேய்ப்பு மேஜையும்

எங்கள் எதிர்வீட்டுத் தச்சருக்குத் தெருவில் வைத்த பெயர் துரை. பிறவித் துரை ஒன்றுமில்லை, ஒரு நாற்காலிதான் அவரை அப்படி ஆக்கியது.

படங்கள் பேசத் தொடங்காத காலம். படக் கம்பெனியில் செட் போடுவது அவர் வேலை. அவர் மனைவி வீட்டிலேயே துணி தேய்த்துக் கொடுப்பாள். கல்யாணத்துக்கு முன்பே, சொந்த உழைப்பில் வாங்கிய கனத்த மேஜை ஒன்று அவளிடம் இருந்தது. நாலு காலும் தரையில் பதிந்து நிற்கும், இம்மியும் ஆடாது. தேய்க்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? குழந்தையைத் துடைப்பதுபோல் தினமும் அதைத் துடைப்பாள்.

அப்போது கம்பெனி ஓர் ஊமைப் படம் எடுத்தது. ஏழைக் கணவனின் மனைவி பட்டுக்கும் முத்துமாலைக்கும் மயங்கி ஒரு பணக்காரனோடு போய்விடுவாள், கடைசியில் புத்தி வந்து திரும்புவாள். ஏழை வீட்டுக்கு அசல் சாமான் தேடிக்கொண்டிருந்த டைரக்டர் ஒருநாள் தச்சர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மனிதருக்கு வாயெல்லாம் பல். இப்படியொரு ஏழ்மையைத்தான் தேடி அலைந்தேன் என்றாராம். தான் ஏழை என்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது, பாவம்.

டைரக்டர் மேஜையைப் படத்துக்குக் கேட்டார், அவள் தர முடியாது என்றாள். தச்சர் கெஞ்சினார், ஒரு கீறல் விழாமல் திரும்பும் என்று சத்தியம் செய்தார். அரைமனதோடு விட்டுக்கொடுத்தாள். பிறகு தரையில் குனிந்தே தேய்த்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று.

சில நாளில் பணக்காரன் வீட்டு நாற்காலி இங்கே வந்து இறங்கியது. சிவப்பு வெல்வெட், தங்கப் பூச்சுக் கால்கள். டைரக்டர் மனம் குளிர்ந்து கொடுத்தாராம். எதற்குக் குளிர்ந்தது என்று தச்சர் மூச்சு விடவில்லை. ஒற்றை அறையில் பாதியை அது அடைத்துக்கொண்டது. அதில் ஆளைப் பார்க்க வேண்டுமே! கால்மேல் கால் போட்டு, கண்ணைப் பாதி மூடி, தண்ணீர் வேண்டுமென்றால் விரலைச் சொடுக்குவார். அவள் ஒருநாளும் அதில் உட்காரவில்லை. மேஜை எப்போது வரும் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவுமில்லை.

படம் வெளியானதும் என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள். தலைவலி என்று தட்டிக்கழிக்கப் பார்த்த தச்சரையும் விடவில்லை.

திரையில் மேஜை வந்தது. மேலெல்லாம் கரி, ஓரமெல்லாம் சிதைவு, ஒரு கால் குட்டை. கோப்பையை வைத்தால் ஆடியது. எனக்கு முன்னால் இருந்த அம்மாள், இப்படி ஒரு மேஜையோடு எவள் குடும்பம் நடத்துவாள் என்று மூக்கைச் சிந்தினாள்.

"காலை வெட்டினது யாரு?" என்றாள் தச்சர் மனைவி, மெதுவாக.

"சுத்தமா இருந்தா ஏழை வீடுன்னு யாரும் நம்ப மாட்டாங்கன்னு டைரக்டர்..."

"வெட்டினது யாருன்னு கேட்டேன்."

"நான்தான்."

"அதுக்குக் கூலிதான் அந்த நாற்காலியா?"

தச்சர் ஆமென்று தலையாட்டினார். எனக்கு அந்த ஆளை அறையலாம் போலிருந்தது. திரையில் கதாநாயகி புருஷன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். கொட்டகையே அழுதது. இவள் மட்டும் அழவில்லை.

மறுநாள் மேஜை வந்தது. கரியைத் துடைத்தாள். தேய்ப்புப் பெட்டியை வைத்தாள், ஆடியது. ரம்பத்தை எடுத்துக் கணவர் கையில் கொடுத்து, நாற்காலியின் காலைக் காட்டினாள்.

"வெல்வெட்டும்மா அது" என்றார்.

"அது வேணுமா, நான் வேணுமா? நல்லா யோசிச்சே சொல்லுங்க, அவசரமில்ல."

யோசித்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அப்புறம்தான் வெட்டினார்.

தேய்ப்பு மேஜை இப்போது மூன்று பழைய கால்களிலும் தங்கப் பாதம் வைத்த ஒரு காலிலும் நிற்கிறது. கொஞ்சமும் ஆடுவதில்லை. துணி கொடுக்க வருகிறவர்கள் கேட்டால், எங்க வீட்டுக்காரர் ஆசையா செஞ்சு போட்டது என்பாள்.

துரையும் நாற்காலியை விட்டபாடில்லை. சுவரோரமாய்ச் சாய்த்து வைத்து அதில்தான் உட்காருகிறார். கால்மேல் கால் மட்டும் போடுவதில்லை, இரண்டு காலையும் தரையில் ஊன்றாவிட்டால் கவிழ்ந்துவிடும்.