கிணற்றின் அடித்தட்டு

ஹெர்னிங் ஊருக்கு ரயில் வந்த புதிதில் லௌரிட்ஸும் அவன் மனைவி ஸிட்ஸெலும் என் நிலத்துக்கு அடுத்த நிலத்தில் குடியேறினார்கள். யூட்லாந்து தீபகற்பத்தின் மேற்கில் எங்கள் எல்லோருக்கும் ஒரே மண்தான். மேலே ஹெதர் புதர், அதன் கீழே கையளவு கறுப்பு மண், பிறகு சாம்பலாக வெளுத்த மணல், அதற்கும் கீழே துரு நிறத்தில் கல்லாய் இறுகிய ஒரு தட்டு. மழைநீரும் அதைத் தாண்டாது, வேரும் தாண்டாது. ஹெதருக்கு அது போதும்.

லௌரிட்ஸ் கெட்டவன் அல்ல. நல்லவன் என்று சொல்லவும் நான் அவசரப்பட மாட்டேன். மேற்குக் காற்றுக்குத் தடுப்பாக, கிணற்றை ஒட்டி ஒரு வரிசை ஊசியிலைக் கன்றுகள் நட்டிருந்தான். குளிர்காலத்தில் வேர் தண்ணீரில் ஊறும், கோடையில் காயும். வருடங்கள் போயும் அவை இடுப்புயரம் வரவில்லை.

"லௌரிட்ஸ், உன் காட்டுக்குள்ள என் ஆடு வழிதவறிப் போயிருச்சு. தேடித் தர்றியா?" என்பேன்.

"சிரி, நல்லா சிரி. நீ செத்தா பெட்டி செய்ய இங்கதான் மரம் கேட்டு வருவாங்க."

ஸிட்ஸெல் சிரிக்க மாட்டாள். ஆர்ஹஸ் நகரத் துறைமுகத்தருகே அவள் அக்கா சலவைக்கடை வைத்திருந்தாள். அங்கே போய்விட வேண்டும், வேறெதுவும் அவளுக்கு வேண்டாம். ஒரு சண்டையில், என் முன்னாலேயே லௌரிட்ஸ் கத்தினான்: "அந்தக் கிணத்துல தண்ணி இருக்கற வரைக்கும் நான் அசைய மாட்டேன். வத்தட்டும், அன்னிக்கே வண்டியைப் பூட்டறேன்!"

கோபத்தில் சொன்னதை அவன் மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை.

கோடையில் அவன் ஆடு விற்கச் சந்தைக்குப் போன ஒரு நாள், அவள் கடப்பாரையோடு கிணற்றில் இறங்கினாள். எங்கள் கிணறுகள் ஆழமில்லாதவை. தண்ணீர் அந்தத் தட்டின் மேல்தான் தங்கி நிற்கும். நடந்ததைப் பின்னாளில் அவளே என்னிடம் சொன்னாள்.

"இடிச்சேன், இடிச்சேன், கை மரத்துப் போச்சு. திடீர்னு கடப்பாரை உள்ள போயிருச்சு. தண்ணி சுழிச்சுக்கிட்டு இறங்குச்சு. கிணத்துக்குள்ளயே நின்னு பாடினேன், பெர்டெல். பாட்டு வராத நான்!"

சந்தையிலிருந்து திரும்பிய லௌரிட்ஸ் காலியான கிணற்றுக்குள் வாளியை இறக்கிப் பார்த்தான். தான் இடித்ததை மறைத்து, அவள் அவனுடைய வார்த்தையை மட்டும் நினைவுபடுத்தினாள். "சொன்னது சொன்னதுதான். ஆனா ரைப் பயிர் விளைஞ்சு நிக்குது, அறுக்காம போட்டுட்டா போறது? வசந்தம் வரட்டும்," என்றான்.

அதுவரை ஓடையிலிருந்து தண்ணீர். யார் சுமப்பது என்று எவரும் கேட்கவில்லை. இங்கே பெண்கள் நடந்துகொண்டே காலுறை பின்னுவார்கள். தோளில் காவடியும் இரு பக்கம் வாளியும் இருந்தால் கைக்கு அந்த விடுதலையும் இல்லை. ஸிட்ஸெலின் ஊசிகள் அலமாரிக்குப் போயின.

வசந்தத்தில் கிணற்றோர மரங்கள் துளிர்த்தன. கடப்பாரை போட்ட ஓட்டை வழியே நீர் இறங்கிவிட்டதால், அந்தக் குளிர்காலத்தில் அவற்றின் வேரில் தண்ணீர் தேங்கவில்லை. கோடை பாதி கடப்பதற்குள் ஒவ்வொரு நுனியிலும் முழங்கை நீளத்துக்கு வெளிர்பச்சைக் குருத்து. லௌரிட்ஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனான்.

"பாத்தியாடா? மண்ணு வாயைத் திறந்துருச்சு! இனிமே என்னை எவன் இங்கேருந்து கிளப்புறது?"

ஓடையிலிருந்து வந்த ஸிட்ஸெல் வாளிகளை இறக்கினாள்.

"வண்டியைப் பூட்டறேன்னீங்களே?"

"இதைப் பாத்துட்டு எந்தப் பைத்தியக்காரனாவது போவானா? கடவுளே நமக்குன்னு ஓட்டை போட்டுக் குடுத்திருக்கார், ஸிட்ஸெல்!"

அவள் வாயைத் திறந்தாள். ஓட்டை போட்டது கடவுள் அல்ல, தான்தான் என்று சொல்லியிருந்தால், அந்த மரங்களுக்காக அவளைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடியிருப்பான். அதைவிட வாளியே மேல் என்று நினைத்தாளோ என்னவோ, குனிந்து காவடியைத் தோளில் ஏற்றினாள். செய்த கை நம்முடையது என்பதால் விளைவும் நம் பக்கம் நிற்கும் என்று நம்புகிறோம். அப்படி நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

லௌரிட்ஸ் வரிசை முழுக்கத் தட்டை உடைத்துப் புதுக் கன்றுகள் நட்டான். சில வருடங்களில் மரங்கள் கூரையைத் தொட்டன. கிழக்கிலும் நட்டான்; ஆர்ஹஸ் சாலை அந்தப் பக்கம். நான் கடைசியாக அங்கே காபி குடித்த மாலையில், சமையலறை ஜன்னலில் பச்சை மட்டுமே தெரிந்தது. பகலிலேயே விளக்கு வைத்திருந்தார்கள்.

"காத்து சுத்தமா நின்னுருச்சு, கவனிச்சியா?" என்றான் லௌரிட்ஸ் மனைவியிடம்.

"நின்னுருச்சு," என்றாள் ஸிட்ஸெல்.