சாயம் போன விதை

பரளச்சி கிராமத்து வெள்ளைத்தாயின் மகள் யுவராணியை ஊரில் எக்ஸ்ரேக்காரி என்பார்கள். கால் சுளுக்கியவர்கள்கூட அவளிடம் படம் எடுக்க வந்து நின்றதுண்டு. அவள் எக்ஸ்ரே எடுப்பதோ விதைக்கு. அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் வேலை. பூச்சி அண்டாமலிருக்க மக்காச்சோள விதைமேல் சிவப்பாக மருந்து பூசி விற்கிறார்களே, அந்தப் பூச்சு சீராகப் பிடித்திருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மா களையெடுத்துப் படிக்கவைத்துக் கிடைத்த வேலை. அதில் மகளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அன்று மேலதிகாரி சுகப்பிரியா, தண்ணீர் பட்டால் பூச்சு எவ்வளவு கரையும் என்று பார்க்கச் சொன்னார். யுவராணி சிவப்பு போகிறவரை விதையை அலசினாள். கண்ணுக்கு வெறும் மக்காச்சோளம்தான். எக்ஸ்ரே படத்திலோ மருந்துப் பூச்சு இன்னும் விதையைச் சுற்றி விளிம்பு கட்டி நின்றது. முனைக் குழியில் திட்டாகக் கிடந்தது.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

விதைப்பு முடிந்தால், மிஞ்சிய விதையில் கஞ்சி காய்ச்சி வீட்டாள்கள் குடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மழை ஏய்த்துவிடும் என்பது வெள்ளைத்தாயின் நம்பிக்கை. மருந்து விதையாச்சே என்று அவள் முந்தாநாள் யோசித்தபோது, சாயம் போக அலசினால் போதும் என்று சொன்னதே இந்த எக்ஸ்ரேக்காரிதான். இன்றைக்குத்தான் அந்தக் கஞ்சி.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா எடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்க மனசில்லாமல் ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் பெற்றவளைக் கொன்றுவிட்டோமோ என்ற ஒரே பயம்.

வாசல் அடுப்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பானை நிறையக் கஞ்சி இருந்தது. யுவராணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"போனை எடுக்க மாட்டியாம்மா?"

"உள்ள சார்ஜுல கெடக்கு. என்ன தாயி, வெள்ளனவே வந்துட்ட?"

"கஞ்சி குடிச்சியா?"

"நீ வராம எப்பிடிக் குடிப்பேன்? உப்பு மட்டும் பாத்தேன்."

"எவ்வளவு?"

"ஒரு கரண்டி. பத்தலைன்னு போட்டுட்டு இன்னொருக்கா பாத்தேன்."

யுவராணி அடுப்பை அணைத்தாள். ஆடு, கோழி வாய் வைக்காதபடி பானையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினாள். அம்மாவைக் கைத்தாங்கலாக, வந்த ஆட்டோவிலேயே ஏற்றினாள்.

"ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே. வெரசா."

வெள்ளைத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. "எதுக்கு இந்தப் பதட்டம்? நாக்குதான் லேசா மரத்தாப்புல இருக்கு. அலசிட்டுத்தான காச்சினேன். நீ பாத்துச் சொன்னா தப்பாதே, தாயி."

யுவராணி அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பாக்காமச் சொல்லிட்டேம்மா."