அக்கா வீட்டின் மேல் விழுந்த புள்ளி

எனக்குக் காசநோய் வந்தபோது தெருவில் மஞ்சள்காமாலை என்று சொல்லி வைத்தோம். டிபி என்றால் அப்புறம் கல்யாணம் நடந்த மாதிரிதான். திண்டிவனம் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரை விழுங்கினேன்.

பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. உப்பளத்துக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலையில் இட்லி விற்கிறவள். அதில்தான் அவள் வீடு ஓடுகிறது. எங்கள் உப்பு மண்ணில் கீழாநெல்லி ஏது? வியாபாரம் முடிந்ததும் ஏரிக்கரை வரை நடந்து போய்ப் பறித்து வந்து, அரைத்து, மோரில் கலக்கிக் கொண்டுவருவாள். "மூக்கப் புடிச்சிக்கினு குடிச்சிடுடி, காமாலை ஓடிடும்."

துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, "தள்ளி நில்லுக்கா, ஒட்டிக்கப் போவுது" என்றேன்.

"காமாலை எங்கடி ஒட்டும்?" என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். குடித்தேன். தினமும் வந்தாள், தினமும் குடித்தேன்.

எனக்குக் குணமான பிறகு காசநோய் ஆராய்ச்சிக்காரர்கள் ஊருக்கு வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது சின்ன வயதுப் பெண். நோயாளிகள் இருந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்து, இணையத்தில் திறந்தே போட்டுவிடுவார்களாம். எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் எடுத்துப் பார்த்து, நோய் எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடிக்கலாம். அவரவர் கணக்கை அவரவர் பூட்டி வைத்தால் நோய் அதற்குள் ஊர் சுற்றிவிடும் என்றாள். "உங்க பேர் இருக்காதுங்க. வீடும் தெரியாது, புள்ளிய கொஞ்சம் நகத்தி வச்சிடுவோம்." நல்ல காரியம்தானே என்று சம்மதித்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

நகர்த்தினார்கள். எங்கள் வீட்டுக்கு மூன்று பக்கமும் உப்புப் பாத்தி. தண்ணீரில் புள்ளி விழக்கூடாது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருந்தார்களாம். மிச்சம் இருந்தது அக்கா வீடு ஒன்றுதான். என் புள்ளி நேராகப் போய் அவள் கூரை மேல் உட்கார்ந்துவிட்டது.

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அந்தப் படத்தைப் போட்டு, "இட்லிக்கார அம்மா வீட்டுல டிபி, உஷார்" என்று எழுதியிருந்தார்கள். மறுநாளிலிருந்து உப்பளத்து ஆட்கள் அக்கா கடையைத் தாண்டி பஸ் ஸ்டாப் கடைக்கு நடந்தார்கள். அக்கா சுகாதார நிலையத்துக்குப் போய், சளி கொடுத்து, ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வாங்கிவந்து கடையிலேயே தொங்கவிட்டாள். "நெருப்பில்லாம பொகையுமா?" என்றார்கள். பாழாய்ப்போன ஜனங்கள்! ஆனால் அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

புளித்த மாவை வாய்க்காலில் கொட்டிவிட்டு அக்கா என்னிடம்தான் வந்தாள். "நீதான் கம்ப்யூட்டர்ல வேலை செய்யறவ. அந்தப் புள்ளி எங்க ஊட்டு மேல எப்படிடி வந்துது? கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

"பாக்கறேன்க்கா" என்றேன். சீ! வேறு என்னென்னவோ சொல்லியிருக்கலாம், அதுதான் வாயில் வந்தது.

கோபம் முழுவதையும் அந்த ஆராய்ச்சிப் பெண் மேல் கொட்டினேன். போனில் கத்தினேன். "யார் ஊட்டு மேல யார் புள்ளிய வச்சிருக்கீங்க? படிச்சவங்கதான நீங்க?" அவள் பதறிவிட்டாள். படத்தை அன்றைக்கே எடுத்துவிடுகிறோம், இனிமேல் வீடு தெரியாத அளவுக்கு ஊர் மொத்தத்துக்கும் ஒரே கணக்காகத்தான் போடுவோம் என்றாள். "ஆனா யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு வச்சதுங்க. எடுத்துட்டவங்க கிட்ட திரும்ப வாங்க முடியாது."

"அப்ப அக்காவுக்கு இல்லன்னு வந்து சொல்லுங்க!"

"சொன்னா, யாருக்குன்னு கேப்பாங்க. அத நாங்க சொல்லக்கூடாதுங்க. நீங்க மட்டுந்தான் சொல்லலாம்."

போனை வைத்துவிட்டேன்.

அக்கா கிரைண்டரை விற்க ஆள் தேடுகிறாள், உப்பு வாரும் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள் என்று அம்மா வந்து சொன்னாள். முட்டி வலிக்காரி, உப்புத் தண்ணீரில் எப்படி நிற்பாள்? அம்மாவுக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும், "நீ வாயத் தொறக்காத. ஞாயித்துக்கெழம பெருமுக்கல்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க" என்றாள். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் அக்கா கடை முன்னால் போய் நின்றேன். ஆட்கள் வழக்கம்போலத் தாண்டிப் போனார்கள்.

"ஏம்பா, நில்லுங்க! டிபி வந்தது எனக்கு. அக்காவுக்கு இல்ல. அந்தப் புள்ளி என்னோடது. எனக்கு இப்ப சரியாப் போயிடுச்சி. அது இட்லியில ஒட்டற நோயும் இல்ல."

முன்னால் நின்ற ஒருவர் சட்டென்று பின்வாங்கினார். உடம்பு கூசிப் போய்விட்டது எனக்கு. சும்மாட்டுத் துணியோடு நின்ற ஒரு அம்மாள் மோவாயில் கை வைத்து, "காமாலைன்னு சொன்னாங்களே?" என்றாள்.

"பொய்" என்றேன்.

அந்த அம்மாளும் இன்னும் இரண்டு பேரும் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்கா தட்டு வைத்தாள், இட்லி வைத்தாள், சட்னி ஊற்றினாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. திட்டட்டும், செருப்பால் அடிக்கட்டும் என்று நின்றேன். அவர்கள் சாப்பிட்டு எழுந்து போன பிறகுதான் திரும்பினாள். கடையைப் பற்றியோ மாவைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

"அப்ப நான் இந்த முட்டியோட ஏரிக்கரைக்கு நடந்து நடந்து பறிச்சினு வந்து அரைச்சிக் குடுத்தேனே," என்றாள். "அதையும் ஒண்ணும் சொல்லாம குடிச்சியாடி?"