ஒரே மூச்சில் ஒரு வாக்கியம்

கம்பெனியில் அவரை மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருஷமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர். மனுஷன் பொய் சொல்வான், மீட்டர் முள் சொல்லாது என்பது அவர் கட்சி. மனைவிக்குக் காய்ச்சல் என்றாலும் நெற்றியில் கை வைக்க மாட்டார்; தெர்மாமீட்டரைத் தேடுவார்.

போன வருஷம் மூச்சு முட்டியது. இதயம் தாளம் தப்பி ஓடியது. அதற்குக் கடிவாளம் போட டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். "படுத்தே கிடக்காதீங்க. நடங்க, படியும் ஏறுங்க. ஆனா அளவோட" என்றார். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் இன்னும் தெளிவாகச் சொன்னாள்: "விரல்ல மாட்டுற மிஷினை நம்பாதீங்க சார். இந்த மாத்திரை போட்டா நீங்க திணறினாலும் துடிப்பு அவ்வளவா ஏறாது. பேசிப் பாருங்க. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சுல முடிக்க முடியலைன்னா நின்னுடுங்க."

மீட்டர் தலையாட்டினார். திரும்பும் வழியில் விரலில் மாட்டுகிற மிஷின் ஒன்றை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் தையல் மிஷினே கதியென்று உட்கார்ந்திருக்கும் மனைவி அவரை விடவில்லை. வாக்கியத்தை அவளே கட்டிக்கொடுத்தாள்: "சாயந்திரம் ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்து உன் மிஷினுக்கு எண்ணெய் போடறேன்." படி ஏறுமுன் ஒரு மிஸ்டு கால்; பிறகு இரண்டு மாடிக்கு ஒருமுறை போனில் அதை ஒப்பிக்க வேண்டும்.

"ஊர் மிஷினெல்லாம் பாக்குறீங்க, நம்ம மிஷின் ஆறு மாசமா கத்துது. சொல்லிச் சொல்லியாவது ஒருநாள் போடுவீங்க."

அவரும் ஒப்பித்தார், தில்லுமுல்லோடு. மாடிக்கு வந்ததும் லிஃப்ட் கதவில் காதை வைத்து, ஏதோ சத்தத்தைக் கவனிப்பவர்போல் நிற்பார். குடியிருப்பவர்கள் "வேலைல சுத்தம்" என்பார்கள். மூச்சு அடங்கியபிறகே போன். அவளுக்கு எப்போதும் முழு வாக்கியமே கிடைத்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, போட்ட கொஞ்ச நேரத்திலேயே சாக்ஸின் விளிம்பு வீங்கிய கணுக்காலில் ஆழமாகப் பதிந்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் தலைக்கு ஒன்றாக இருந்த தலையணை மூன்றாகி ஒரு வாரம். இரண்டையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. விரல் மிஷின் துடிப்பு எண்பத்திரண்டு என்றது. அது போதும் என்று கிளம்பினார்.

மதியம் ஓர் ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. கம்பிக்கதவு போட்ட பழைய லிஃப்ட். நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், உள்ளே ஒரு டியூஷன் டீச்சர். மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய்க் கையால் சக்கரம் சுற்றித்தான் இறக்க வேண்டும். மனைவிக்கு மிஸ்டு கால் விட்டுவிட்டுப் படி ஏறினார்; வாட்ச்மேன் பின்னாலேயே வந்தார்.

"அண்ணே, வேகமா. அந்தம்மா அழுவுறாங்க."

இரண்டாவது மாடியில் நின்று மூச்சுவிட இன்றைக்கு நேரமில்லை. ஐந்தாவதைத் தொடும்போது கதவிடுக்கில் குரல் வந்தது.

"மெக்கானிக்கா? இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

பதில் வாய்க்குள் இருந்தது. அதைத் தள்ளக் காற்று இல்லை. கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஏறினார். ஆறாவதில் கைப்பிடி வழுக்கியது. உள்ளங்கை முழுக்கக் குளிர்ந்த வேர்வை. விரலில் மிஷினை மாட்டினார். எண்பத்தாறு. பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளும்போதே போன் அடித்தது.

"ரெண்டு மாடி தாண்டியும் போன் வரலையே. சொல்லுங்க பார்ப்போம்."

"சாயந்திரம்... ஆறு..."

அந்தப் பக்கம் தையல் மிஷினின் கிறீச்சென்ற சத்தம் நின்றது.

"மறுபடி சொல்லுங்க."

"சாயந்திரம்..."

"உட்காருங்க. அப்படியே படியில உட்காருங்க."

"உள்ள... ஆளு."

"உங்களுக்குள்ளயும் ஒரு ஆளு மாட்டிக்கிட்டுத்தான் இருக்கு. உட்காருங்கன்னேன்!"

உட்கார்ந்தார். மோட்டார் அறைச் சாவியை அந்நியர் கையில் கொடுக்கக்கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். முப்பத்தோரு வருஷத்தில் மீறியதில்லை. அதை வாட்ச்மேன் கையில் வைத்தார்.

"மெயின் சுவிட்ச்... முதல்ல. அணைச்சுடு. பிரேக் நெம்பு... இடது கை. சக்கரம்... வலது. மெதுவா."

"எங்க நிறுத்தணும்ணே?"

"கயித்துல... மஞ்சக் கோடு. அதான்... மாடி மட்டம்."

வாட்ச்மேன் ஓடினார். மேலே இரும்பு முனகியது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை மீட்டர் சுவரில் முதுகு வைத்துக் கேட்டார். கீழே கம்பிக்கதவு இழுபடும் ஒலி. "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார்.

பத்து நிமிஷமாயிற்று. உட்கார்ந்தேதான் இருந்தார். அடங்கியிருக்க வேண்டிய மூச்சு அடங்கவில்லை. விரலில் எண்பத்துநாலு, பச்சை எழுத்தில், அமைதியாக.

போன் மடியிலேயே இருந்தது. "இப்போ சொல்லுங்க" என்றாள்.

சொன்னார். "ஆறு" தாண்டவில்லை. முதல்முறையாக அவர் மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"முடியல" என்றார். அது ஒரே மூச்சில் வந்தது.

"தெரியும். அடுத்த வீட்டுப் போன்லேர்ந்து கம்பெனில விலாசம் கேட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. நீங்க போனை வைக்காதீங்க."

மின்சாரத்தைப் போட்டுவிட்டு வாட்ச்மேன் லிஃப்டிலேயே ஆறாவது மாடிக்கு வந்தார். "அணைச்சுப் போட்டதும் ஓடுது அண்ணே, வாங்க." தோளைப் பிடித்து உள்ளே ஏற்றினார். கதவை அவரே சாத்தினார். பொத்தானையும் அவரே அமுக்கினார். ஒவ்வொரு மாடியும் மேலே போவதை மீட்டர் தரையில் உட்கார்ந்தபடி பார்த்தார். ஐந்து. நாலு. போனில் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள்: "இருக்கீங்களா? இருக்கீங்களா?"

ஒவ்வொரு மாடிக்கும் ஒரு "ம்" கொடுத்தார். இரண்டாவது மாடியில் அது கேட்கவில்லை. முதல் மாடியில், தாமதமாக, கேட்டது.